பின்னமான பதினேழு பொம்மைகள்

நம் வயதில் காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்பதே சந்தேகம். எனக்கும் அப்படித்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பக்கத்து வீட்டார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் படுத்திருந்த பதினேழு பொம்மைகளில் எதற்கு என்ன குறை என்று என்னைக் கேட்டுப் பாருங்கள், ஒன்று விடாமல் சொல்லுவேன். அவை என்னுடையவை அல்ல. என் அக்காவுடையவை. என்னால் மண்ணுக்குள் போனவை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பெரியம்மாவின் மகள். பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தங்கையான என் அம்மா இருந்த ஊருக்கு வந்துவிட்டார். பொம்மிடி ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். பாதிக்கு மேல் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், எல்லோரும் விவசாயம். ஊருக்கென்று பூசை வைக்கும் சாமியார் கிடையாது. அவர் தாய்ப்பங்கான பெரிய ஊர்க் கோயிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் சைக்கிளில் வருவார். மற்ற நாட்களில் கோயிலுக்குப் பொறுப்பு உபதேசியார். கோயிலைப் பெருக்கி, பீடத் துணிகளை வெளுத்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேலையைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார்கள். கோயிலை ஒட்டி ஓர் அறை இருந்தது. அதுதான் அவர்களுக்கு வீடு. கோயில் சாவி பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். அந்தச் சாவியும் அறையும் இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த ஊரில் வேறு ஒன்றுமில்லை. இது நடந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு.

பக்கத்து ஊரில் நடக்கும் மாதா திருநாளுக்கு ஒரு பொம்மைக்காரர் வண்டி நிறையப் பொம்மைகளோடு வருவார். சுண்ணாம்பு மாவை அச்சில் வார்த்து, காயவைத்து, வர்ணம் அடித்தவை. வைக்கோல் பிரித்துக் கடை பரப்பும்போதே நல்லதை முன்னால் வைப்பார், குறையுள்ளதை வண்டிக்கு அடியில் தள்ளுவார். அக்கா திருநாள் மூன்று நாளும் அவருக்கு வைக்கோல் பிரித்துக் கொடுத்தாள். கடைசி நாள் அவர் மனமிரங்கி, பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் வண்டிக்கு அடியில் குனிந்தாள்.

"அது கழிசல் பாப்பா. நல்லதா ஒன்னு எடுத்துக்க."

"நல்லத யாராச்சும் வாங்கிக்குவாங்கங்க" என்றாள் அக்கா. "இதத்தான் யாரும் வாங்க மாட்டாங்க."

அவர் சிரித்து, பாவாடை கொள்ளும் அளவு அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் அப்படியே. பதின்மூன்று பொம்மைகள் சேர்ந்தது இப்படித்தான்.

அவற்றில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். வர்ணக்காரனின் கை நழுவி மீசை கன்னத்துக்குப் போயிருந்தது. குடம் சுமந்த ஒருத்திக்கு உடம்பெல்லாம் வர்ணம், நகை, பூ எல்லாம் உண்டு. முகம் மட்டும் எழுத மறந்திருந்தார்கள். வழவழவென்று வெள்ளையாக இருக்கும். நான் ஒருமுறை கரித்துண்டோடு போய், கண் வைக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு இன்னும் முகம் வரவில்லையாம், வரும்போது வருமாம், நாம் அவசரப்படுத்தக் கூடாதாம். மூக்கில்லாத கிளி ஒன்று. அதற்குப் பேச வராது என்பதால் ஊர் ரகசியங்களையெல்லாம் அதனிடம் சொல்லலாம். தலையாட்டிப் பொம்மை ஒன்றுக்குக் கம்பி இறுகித் தலை ஆடாது. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடாத ஒரே ஆள் என்று அதை ஊர்ப் பஞ்சாயத்துக்கு வைத்திருந்தாள். கண்கள் இரண்டும் ஒரே பக்கம் இழுத்திருந்த ஒரு குழந்தைப் பொம்மையை எப்போதும் வாசலைப் பார்க்கும்படி வைப்பாள். அது யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. யாரை என்று நான் கேட்டதில்லை. பெரியப்பா இறந்தது எனக்குத் தெரியும்.

அந்த அறையில் ஈரத் துணியும் மெழுகும் சாம்பிராணியும் கலந்த ஒரு மணம் இருக்கும். பெட்டியைத் திறந்தால் அதன்மேல் வைக்கோல் மணம் வந்து சேரும். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். அவள் எடுத்து எடுத்து வைப்பாள். இரண்டு பேரும் பேசுவோம். அதாவது அவள் பதினான்கு பேராகப் பேசுவாள், நான் ஒரு ஆளாகப் பேசுவேன்.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. உடைந்ததைச் சேர்த்தால் உடைசல்தான் வந்து சேரும் என்பது அவர் கட்சி. பின்னமானதை வீட்டில் வைக்கக் கூடாது என்று நம் எல்லோர் வீட்டிலும் சொல்வார்களே, அதையே அவரும் சொன்னார். வேதத்தில் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அப்பா சொல்லுவார். ஆனால் அவரும் எனக்குச் சேலத்திலிருந்து ஒரு குதிரைவீரன் வாங்கி வந்தபோது, "இதையாச்சும் முழுசா வெச்சிரு, அந்தப் புள்ளைகிட்ட குடுத்துராத" என்றுதான் கொடுத்தார்.

அப்பா சொன்னதைக் கேட்கவில்லை. அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்படி ஒரு பொம்மையை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கடிவாளத்தில் ஒரு மயிரிழைக் கோடு கூடப் பிசகாமல் எழுதியிருந்தது. அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குதிரையின் வயிற்றுக்கு அடியில் பார்த்தாள். வால் மூட்டைத் தடவினாள். வெகு நேரம் தேடிவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இதுல எனக்கு வேல ஒன்னும் இல்லடா. நீயே வெச்சுக்க."

அவள் இதைக் கோபமாகவோ கர்வமாகவோ சொல்லவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் இருந்ததிலேயே சிறந்ததைக் கொண்டு போயிருந்தேன். அதில் குறை இல்லை என்பதால் அந்தப் பெட்டியில் அதற்கு இடமில்லை. இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். மனதில் வைத்துக்கொள்ளும் பிள்ளை நான். அது நல்ல குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் புதுக் குடில் சுரூபங்கள் வந்தன. ஊர்க்காரர் ஒருவர் வேண்டுதலுக்காக வாங்கித் தந்தது. பொம்மிடிக்கு ரயிலில் வந்த பெட்டிகளை வண்டி கட்டிப் போய் எடுத்து வந்தோம். உபதேசியார் கோயிலுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாதா, சூசையப்பர், இடையர்கள், ராஜாக்கள் என்று எல்லாம் வந்தன. கடைசியாகப் பாலன், குழந்தை இயேசு. ஒரு முழ நீளம் இருக்கும். இரண்டு கைகளையும் நம்மை நோக்கி நீட்டியபடி படுத்திருந்தார். கன்னத்தில் இருந்த சிவப்பு வர்ணம் அடித்ததாகத் தெரியவில்லை, உள்ளேயிருந்து வந்ததுபோல் இருந்தது. அக்கா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பார்வையை அவள் தன் பொம்மைகள் எதற்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வண்டி ஆட்டத்தில் நான்கு சுரூபங்கள் அடிபட்டிருந்தன. ஓர் ஆட்டுக்கு இரண்டு காதும் இல்லை. ஒட்டகத்துக்கு ஒரு கால் போயிருந்தது. ஒரு மாட்டுக்குக் கொம்பும், ஓர் இடையனுக்குக் கையும் இல்லை. உபதேசியார் அந்த நான்கையும் ஒதுக்கி வைத்தார். அக்காவைப் பார்த்து, "இந்தா, உன் ஆஸ்பத்திரிக்கு" என்றார். அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பதின்மூன்று பதினேழானது.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் ஏன் கொடுத்தார்? அவை இன்னும் மந்திரிக்கப்படாதவை. சாமியார் வந்து குடில் முழுவதையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகு அதில் இருக்கும் ஆட்டுக்குட்டி கூடப் புனிதப் பொருள். அதற்கு முன்னால் அது வெறும் சுண்ணாம்பு. மந்திரித்த சுரூபம் உடைந்தால் குப்பையில் போட முடியாது, விளையாடக் கொடுக்கவும் முடியாது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் கண்டதெல்லாம் ஒன்றுதான். கோயில் பொம்மை உடைந்தால் அது அக்காவுக்கு வரும்.

மூன்று ராஜாக்கள் திருநாளோடு குடிலைப் பிரித்துவிடுவார்கள். அன்று காலைப் பூசை முடிந்து, ஊர் முழுக்க வரிசையில் நின்று பாலனின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்துவிட்டுப் போனது. மத்தியானம் பெரியம்மாவும் அக்காவும் நானும் சுரூபங்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். தை பிறக்கப் போகும் நாட்கள். வெளியே துவரை வெட்டிப் போட்டிருந்தார்கள். கோயில் கதவு வழியாகத் துவரைச் சருகின் வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. பெரியம்மா பீடத் துணிகளைத் துவைக்கக் கிணற்றுக்குப் போனார். அக்கா ராஜாக்களைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் இருந்த உள்ளறைக்குப் போனாள். நானும் பாலனும் தனியாக இருந்தோம்.

ஒரு விரல். நான் நினைத்தது ஒரு விரலைத்தான். இடது கையின் சுண்டுவிரல் நுனி. அது போனால் போதும், குறை வந்துவிடும், உபதேசியார் அக்காவைக் கூப்பிட்டு "இந்தா" என்பார். அவளுக்கு அந்தப் பெட்டியிலேயே மிக அழகானது கிடைக்கும். அதை அவளுக்குக் கிடைக்கச் செய்தவன் நான் என்று ஒருநாள் சொல்லலாம். அன்பினால் செய்தேன் என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். என் குதிரைவீரனைத் திருப்பிக் கொடுத்தவள் என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதமும் அதில் இருந்தது.

பாலனைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனேன். கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் அந்தச் சின்ன விரலைத் தட்டினேன். விரல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். கை தோளோடு வந்துவிட்டது. தோளிலிருந்து ஒரு கீறல் கழுத்து வழியாக ஓடி முதுகுக்குப் போனது. அதன் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது, தேங்காய் ஓட்டை நகத்தால் சுரண்டுவதுபோல். உடைந்த தோளுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. துருப்பிடித்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முகத்துக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்.

பயந்தேன். ஆனால் முழுப் பயமாக இல்லை. குறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதானே என்று தேற்றிக்கொண்டேன். கையையும் உடம்பையும் சேர்த்து வைக்கோலில் சுற்றி, அவர்கள் வீட்டு அறைக்குள் போய், அக்காவின் பெட்டியில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் வைத்தேன். எப்படியும் அங்கேதானே வர வேண்டும். உதிர்ந்த வெள்ளைத் தூளைக் கையால் வழித்துச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அக்கா உள்ளறையிலிருந்து வந்து, பாலனைப் பெட்டியில் வைத்தாயிற்றா என்று கேட்டாள். வைத்துவிட்டேன் என்றேன். அதுவும் ஒரு வகையில் உண்மை.

மறுநாள் காலை உபதேசியார் சுரூபங்களைச் சரிபார்த்துப் பூட்ட வந்தபோது பாலன் இல்லை. அவர் வேறு எங்கும் தேடவில்லை. ஊரில் உடைந்ததையும் பொம்மையையும் சேர்க்கிற ஆள் ஒரே ஆள்தான். நேராக அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். நான் பள்ளிக்குப் போகும் வழியில், அவர் "இந்தா" என்று சொல்வதைக் கேட்கலாம் என்ற ஆசையோடு அங்கே போயிருந்தேன். வாசலில் நின்றேன். பெரியம்மா ஈரக் கையோடு நின்றார். அக்கா பெட்டிக்குள் பார்த்தபடி நின்றாள்.

"பாலனைத் தொட்டியா?" என்று கேட்டார் உபதேசியார்.

"தொட்டனுங்க."

"எப்ப?"

"நேத்து. முத்தி முடிஞ்சப்பறம் தொடச்சு வெச்சனுங்க."

"எங்கியாச்சும் இடிச்சியா?"

அக்கா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். "குடில்ல இருக்கற மாட்டுத் தொட்டியில வெக்கும்போது பாலன் கை லேசா வெளிம்புல பட்டுச்சுங்க" என்றாள்.

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. இடித்து உடைத்துவிட்டுப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. பிற்காலத்தில் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தேன், அதில் பாதி தலைமையாசிரியராக. எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்து விசாரித்திருப்பேன். "உடைத்தாயா" என்று அவர் கேட்கவே இல்லை என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது. கேட்டிருந்தால் அவள் இல்லை என்றிருப்பாள். தொட்டாயா, இடித்தாயா என்ற இரண்டு கேள்விக்கும் அவள் உண்மையைச் சொன்னாள்.

நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன். உபதேசியாரின் முகத்தைப் பார்த்தேன். ஆட்டைக் கொடுத்த முகம் இல்லை அது. "மந்திரிச்ச பாலனாச்சே" என்று சொல்லி அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் உடைத்தது வேறு ஏதோ ஒன்று என்று. வரும் பாஸ்காவுக்கு, உயிர்ப்புத் திருநாளுக்கு, எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்தாயிற்று. வாய் திறக்கவில்லை. பயம்தான். வேறு காரணம் தேடி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, கிடைக்கவில்லை.

சாமியாருக்கு ஆள் போனது. அவர் அன்று சாயங்காலமே வந்தார். கோபக்காரர் இல்லை. சின்னப் பிள்ளைதானே என்றார். ஆனால் உடைந்த சுரூபத்தை முறைப்படி அடக்கம் செய்துவிட வேண்டும் என்றார். அப்போது உபதேசியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாலனின் துணுக்குகளும் தூளும் பெட்டி முழுக்க உதிர்ந்து, வைக்கோலிலும் மற்றப் பொம்மைகள் மேலும் ஒட்டியிருக்கின்றன. எது மந்திரித்த சுண்ணாம்பு, எது மந்திரிக்காத சுண்ணாம்பு என்று யார் பிரிப்பது? வெள்ளைத் தூளில் அடையாளமா இருக்கிறது? சாமியார் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்தே அடக்கம் செய்துவிடச் சொன்னார். பக்தியுள்ளவர்கள் செய்த முடிவு அது. அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் அதிலுள்ள கொடுமை.

கல்லறைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் புதைக்கும் மூலையில் ஒரு குழி வெட்டினார்கள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பெட்டியை அப்படியே கவிழ்க்கப் போனார் குழி வெட்டியவர்.  அப்போது அக்கா முன்னால் வந்து, "நானே ஒன்னொன்னா படுக்க வெக்கட்டுங்களா?" என்றாள். உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையசைத்தார்.

அவள் குழிக்குள் இறங்கினாள். முதலில் பாலனை வைத்தாள். பக்கத்தில் உடைந்த கையைப் பொருத்தி வைத்தாள். பிறகு ஆடு, ஒட்டகம், மாடு, இடையன். பிறகு கன்னத்தில் மீசை வைத்த போலீஸ்காரர், கிளி, தலையாட்டி. முகம் இல்லாதவளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கண் இழுத்த குழந்தையை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை மாற்றிப் படுக்க வைத்தாள். குழிக்குள் வாசல் எந்தப் பக்கம்? ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அந்த மூலையில் எந்தப் பிள்ளை இருந்ததோ. மேலே ஏறி வருவதற்கு அக்கா கை நீட்டினாள். கிட்டே நின்றது நான். அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள்.

சாவியைக் கொடு என்று யாரும் பெரியம்மாவிடம் கேட்கவில்லை. அவராகவே கொடுத்துவிட்டார். ஆனால் கொடுக்க வேண்டாம் என்றும் ஒருவர் சொல்லவில்லை. சாமி பொருளில் கை வைத்தவளின் தாய் பீடத் துணியைத் தொடலாமா என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். என் அம்மா, கூடப் பிறந்த தங்கை, "கழிசலச் சேக்காதன்னு தலையால அடிச்சுக்கிட்டனே, கேட்டாளா" என்று எல்லோரிடமும் சொல்லி அழுதார். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வந்து இருக்கும்படி அப்பா ஒருமுறை சொன்னார். ஒருமுறைதான் சொன்னார்.

பாஸ்காவுக்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள். சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பெரியம்மாவுக்கு வேலை கிடைத்தது. அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, அதே ஆலையில் வெயிலில் மாவு கிளறினாள். இரண்டு வருடம் கழித்துப் பெரியம்மா காய்ச்சலில் இறந்தார். அக்காவுக்குப் பதினெட்டில் கல்யாணம் ஆகி அரூர்ப் பக்கம் போனாள்.

நான் என் புதுநன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனத்தில் மாங்காய் திருடியதைச் சொன்னேன், அம்மாவை எதிர்த்துப் பேசியதைச் சொன்னேன். அதைச் சொல்லவில்லை. மறைத்துவிட்டு நன்மை வாங்கினால் அது இன்னொரு பாவம் என்று படித்திருந்தேன். அந்தப் பாவத்தோடு வெள்ளைச் சட்டையில் நின்றேன். வேலைக்குப் போன பிறகு, என்னைத் தெரியாத ஒரு தூரத்து ஊரில், முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் சொன்னேன். அவர் பரிகாரமாக ஜெபங்கள் எதுவும் கொடுக்கவில்லை. "அந்த அக்கா உயிரோட இருக்காங்களா? போய் அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அதற்கும் நாற்பது வருடங்கள் ஆகிவிட்டன.

ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உறவுக்காரர் கல்யாணத்திலும் சாவிலும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "தம்பி" என்று கன்னத்தைத் தொடுவாள். அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவள் உடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய மனசாட்சி சுத்தமாக இருக்கிறது, ஊர் என்ன நினைத்தால் என்ன என்று வாழ்ந்துவிட்டாள், இப்போது போய்க் கிளற வேண்டாம். இப்படி ஒரு கணக்கில் அறுபது வருடத்தை ஓட்டினேன்.

போன மார்கழியில் அவள் மகன் போன் செய்தான். பேச்சுவாக்கில், தன் மகளுக்குப் புதுநன்மை வகுப்பு நடக்கிறது என்றும், பாவம் என்றால் என்ன என்று பேத்திக்கு அம்மா ஒரு கதை சொன்னதாகவும் சொன்னான். "சின்ன வயசுல அம்மா பாலன் சுரூபத்த ஒடச்சு ஒளிச்சு வெச்சிட்டாங்களாமே மாமா. உங்களுக்குத் தெரியுமா?" என்று சிரித்தான்.

அவள் குற்றமற்றவள் என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

மறுநாளே தருமபுரியில் பஸ் ஏறினேன். அவள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேத்தி ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் கழன்ற கையைப் பொருத்திக்கொண்டிருந்தது. நான் உட்காரும் முன்பே அக்கா அந்தப் பொம்மையைப் பிடுங்கித் தெருப்பக்கம் போட்டாள். "ஒடஞ்சத வூட்ல வெக்காதன்னு எத்தன தடவ சொல்றது? அப்பாகிட்ட புதுசு கேளு." பிள்ளை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் கொண்டுவந்திருந்த பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். தாழ்ப்பாள், விரல், வைக்கோல், எல்லாம். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த வயசுல பஸ்ஸேறி வந்து எனக்காகப் பொய் சொல்றியேடா."

பொய் இல்லை என்றேன்.

"நான்தான் தொட்டில இடிச்சனே. எனக்குத் தெரியாதா? டக்குனு கேட்டுச்சு."

கையில் கீறல் விழுந்திருக்காது, அது வெறும் சத்தம் என்றேன். நான்தான் பெட்டியில் கொண்டு வைத்தேன் என்றேன். அவளுக்கு வைத்த ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒளிச்சு வெச்சது ஞாபகம் இல்லதான். பயத்துல செஞ்சது எப்பிடி ஞாபகம் இருக்கும்? அம்மா தெனம் பொழுது சாய முட்டி போட வெச்சு, மன்னிப்புக் கேளு மன்னிப்புக் கேளுன்னு அழுவும். நானும் கேப்பேன். கேக்கக் கேக்க எல்லாம் தெளிவா ஞாபகம் வந்துச்சு."

உள்ளே கம்பி இருந்ததைச் சொன்னேன். உடைத்தவனுக்குத்தானே தெரியும் என்றேன். குழிக்குள் வைக்கும்போது எல்லோரும்தான் பார்த்தார்கள் என்றாள். பாலன்மேல் சத்தியமாக நான்தான் என்றேன். அவள் மொச்சை பிடித்த கையால் என் வாயைப் பொத்தினாள். பொய்ச் சத்தியம் ஆகாது என்றாள்.

"நான் சாமியார்கிட்ட சொல்லி எப்பவோ பாவமன்னிப்பு வாங்கிட்டேன். அம்மா செத்த அன்னிக்கே. எனக்கு இப்ப மனசுல ஒன்னும் இல்ல தம்பி. நீ எதுக்குக் கெடந்து அடிச்சுக்கற?"

நான் செய்ததற்கு மன்னிப்பு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. வேறு ஆளுக்கு. அறுபது வருடத்துக்கு முன்னால், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, தாயின் பிணம் வீட்டில் கிடக்க, கோயிலில் முட்டி போட்டு அதை வாங்கியிருக்கிறாள்.

அவள் பேத்தியைக் கூப்பிட்டாள். "இங்க வா கண்ணு. கதைல சொன்னேன்ல, அந்தத் தாத்தா. ஆயா மேல இருக்கற பழிய தன் மேல போட்டுக்கறதுக்குப் பஸ்ஸேறி வந்திருக்கார். இந்த மாதிரி மனசு வேணும்." பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. அதன் தலையில் கை வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன்.

உரித்த மொச்சையைப் பையில் கட்டிக்கொடுத்தாள். பஸ் வரும் வரை கூடவே நின்றாள்.

அவள் நம்ப மாட்டாள். இனி என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். உபதேசியாரும் சாமியாரும் என் அம்மாவும் அந்தக் கிணற்றடிப் பெண்களும் இப்போது இல்லை. அந்த ஊரை, அந்தக் காலத்தை அறிந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். அப்படி ஒரு பெண்ணைப் பற்றி உங்கள் வீட்டில் எப்போதாவது பேச்சு வந்திருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். பாலனை உடைத்தது நான்.